சித்தையன்கோட்டையில் எடுத்து பிராக்கில் கழுவிய மூன்று நிமிடப் படம்

"அக்கா, நீங்க வெளிநாட்டுல கோடை வகுப்புல சினிமா படிச்சீங்களாமே? எவ்வளவு ஆச்சு? விசா எப்படி? அங்க சோறு கிடைக்குமா?" என்று மாதத்துக்கு ரெண்டு பேராவது மெயில் போடுகிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். சோறு கிடைக்கும். ரசம் கிடைக்காது. மற்றதெல்லாம் கீழே.

நான் போனது 2006 ஜூலையில், பிராக் நகரத்துக்கு. ஐந்து வாரப் படிப்பு. அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் தாய்மாமா சகாயம் ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை, சடங்கு எல்லாம் எடுப்போம். எடுப்போம் என்றால் மாமா எடுப்பார். எனக்கு மிக்சிங் வேலை. மாடியில் ஒரு பொட்டி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ தாலி கட்டுவதை நாலு வருஷமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, ஒரு முகூர்த்தத்துக்கு நான் கேமரா பிடிக்கிறேனே" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பொம்பளப் பிள்ளை கேமராவத் தூக்கிட்டு பந்தியில நின்னா, வந்தவன் இலையப் பாப்பானா, உன்னையப் பாப்பானா? போ தாயி, போயி மிக்சிங்கப் பாரு."

கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் கல்லுளிமங்கன்.

பிரௌசிங் சென்டரில் ஒருநாள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பிராக்கில் இருக்கும் ஒரு ஃபிலிம் பள்ளியின் கோடை வகுப்பு கண்ணில் பட்டது. விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது, கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடியும் செய்தார்கள். சந்தோஷத்தில் குதித்து முடித்த பிறகுதான் கடிதத்தின் மீதியைப் படித்தேன். மொத்தம் பதினாறு மாணவர்கள். அதில் ஆறு பேருக்குத்தான் கேமராக் குழுவில் இடம். மீதிப் பேர் எடிட்டிங்குக்குப் போக வேண்டும்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எடிட்டிங் செய்ய நான் கடல் தாண்டிப் போகணுமா? அதைத்தான் திண்டுக்கல்லில் மாடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேனே!

கேமராக் குழுவுக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். கூரியரில் ஒரு சின்ன ஃபிலிம் டப்பா வந்தது, சோப்பு டப்பா அளவு. சூப்பர் எட்டு என்று அதற்குப் பேர், கறுப்பு வெள்ளை. மொத்தம் மூன்று நிமிடம் இருபது நொடி ஓடும். உங்கள் ஊரின் ஒரு காலைப் பொழுதை இதில் எடுங்கள், சத்தம் கிடையாது, வெட்டி ஒட்டக் கூடாது, எடுத்த வரிசையிலேயே இருக்க வேண்டும், கழுவாமல் அப்படியே கொண்டு வாருங்கள், முதல் வாரம் இங்கே நாமே கழுவிப் பார்ப்போம் என்று எழுதியிருந்தது. அதாவது என்ன விழுந்திருக்கிறது என்று எனக்கே தெரியாமல் அந்த ரோலைத் தூக்கிக்கொண்டு ஏழாயிரம் கிலோமீட்டர் போக வேண்டும். ரோல் சரியாக இருந்தால் கேமரா. இல்லாவிட்டால் மறுபடியும் மிக்சிங்.

அந்த ஃபிலிமைப் போடுவதற்குக் கேமரா வேண்டுமே? எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் ஒன்று இருந்தது. எப்போதோ இங்கே இருந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் விட்டுப்போனது. அதன் மீட்டர் கண்ணாடி பூசணம் பூத்து, எவ்வளவு ஃபிலிம் ஓடியிருக்கிறது என்றே தெரியாது. சாமியார் எடுத்துக் கொடுத்து, "விசைய அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ஓடும், விட்டா நிக்கும். பக்கத்துல இந்த வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்புனா விரல எடுத்தாலும் தானா ஓடும். நிப்பாட்டணும்னா வளையத்தைத் திருப்பணும்மா" என்றார். சரிங்க சாமி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது.

எதை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் வீடு சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம், அப்போது பஸ்ஸுக்கு ஏழு ரூபாய். அங்கே என் அம்மா முக்கால் ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறாள். ஜூன் மாதம், பூ கொட்டுகிற காலம். விடிவதற்கு முன்னால் அம்மாவும் ஆறு பெண்களும் மடியைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்குவார்கள். எட்டு மணிக்குள் மூட்டை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு வாய் திறந்துவிடும், விலையும் விழுந்துவிடும்.

நாலு ஷாட் திட்டம் போட்டேன். சிறுமலைக்குப் பின்னால் சூரியன் வருவது. வாய்க்காலில் தண்ணீர் வருவது. கைக்குள் மொட்டு. கடைசியாக என் அம்மா. வரப்பு மேல், தலையில் பூக்கூடையோடு, வானத்துக்கு எதிரே நிற்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒதுக்கி வைத்தேன். மற்றதெல்லாம் அந்த ஷாட்டுக்காகத்தான்.

எங்கள் ஊர்க் காலை பற்றி ஒரு வார்த்தை. நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், மல்லித் தோட்டம் எனக்கு அலுத்துப்போன சமாச்சாரம். ஆனால் அன்றைக்கு அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தபோது மூச்சே நின்றுவிட்டது. கிழக்கே சிறுமலை கறுப்பாகக் கிடக்கிறது. அதன் ஓரம் மட்டும் வெளுக்கிறது. மேற்கே கொடைக்கானல் மலை உச்சியில் அதற்குள் வெயில் விழுந்துவிட்டது. நடுவில் நாங்கள் இருக்கிற சமவெளி முழுக்க இன்னும் இருட்டு, பூவாசம் மட்டும் எழும்பி நிற்கிறது. ஆத்தாடி, இத்தனை வருஷம் இதுக்குள்ளேயா பல் விளக்கிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது.

முதல் ஷாட் ஆடக் கூடாது என்று கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பி ஓடவிட்டேன். சூரியன் மலை விளிம்பில் எட்டிப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மூணு பேஸ் கரண்ட் வந்து, பக்கத்தில் கிணற்று மோட்டார் கத்த ஆரம்பித்தது. போதும் என்று விசையை ஒரு அமுக்கு அமுக்கி விட்டுவிட்டு, கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் ஆறு பெண்களும் பறிப்பதை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"ஏத்தா, எங்கள எடுக்க மாட்டியா? வெளிநாட்டுல நாங்க தெரிய வேணாமா?" என்றாள் மாரியாயி. பறிப்புக்கு வருகிறவர்களில் அவள்தான் தலைவி மாதிரி.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் யாரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு சித்தப்பா முகம் கேசட்டில் வரவில்லை என்றால் ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும். ஆனால் கேசட் தீர்ந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் நண்பர்கள் முப்பது பேர் வந்து வரிசையாக நின்றால் என்ன செய்வது? லைட்டைப் போட்டு, கண்ணைக் கேமராவில் வைத்து, பட்டனை அமுக்காமல் பொறுமையாக எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எல்லாருக்கும் திருப்தி. எங்கள் ஸ்டுடியோவில் இதற்கு 'வெறும் லைட்டு' என்று பேர். திண்டுக்கல் ஜில்லாவில் வெறும் லைட்டு போடாத வீடியோக்காரன் யாராவது இருந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது மூன்று நிமிட ஃபிலிம். இந்த ஆறு பேரையும் எடுத்தால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? அதனால், "வாங்க, ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டு வெறும் லைட்டைப் போட்டேன். லைட்டு கூட இல்லை, வெறும் கண்தான். ஆனால் ஒன்று, வெறும் லைட்டுக்கும் ஃபிரேமை ஒழுங்காக வைக்கணும், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் நேரம் எடுத்து, முகத்துக்குக் கிட்டத்தில் போய், பதவிசாக 'எடுத்தேன்'.

அம்மா என் இடது தோளுக்குப் பக்கத்தில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வாயை மூடி நிற்கத் தெரியாது.

"ஏ மாரியாயி, வாயை மூடுடி. உள்ள கிடக்கிற வெத்தல வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியப் போகுது."

மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்து பாக்கியம். அவள் விறைத்துப்போய் நின்றாள்.

"ஏண்டி, ரேசன் கார்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற? உனக்கு ஒரு சேதி தெரியுமா? உன் மாமியா அவ மக வீட்டுக்குப் போறாளாம். ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவாளாம்."

பாக்கியம் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைசியாக வந்த சின்னப்பொண்ணு புருஷனை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவளிடம் அம்மா சத்தத்தைக் குறைத்து என்னமோ சொன்னாள். மோட்டார் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் வாய்க்கால், மொட்டு, பிறகு அம்மா. வரப்பில் ஏற்றி, கூடையைத் தலையில் வைத்து, விசையைக் கெட்டியாக அமுக்கிப் பிடித்து எடுத்தேன். கை முழுக்க ஒரு நடுக்கம். பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். "எம்புட்டு நேரம்டி நிக்கிறது, மார்க்கெட்டுக்கு நேரமாச்சு" என்று அம்மா கத்தியதுகூட அந்த நிமிஷம் அழகாகத்தான் இருந்தது. டப்பாவை வெளியே எடுத்தபோது ஃபிலிமின் நுனியில், ரோல் முடிந்துவிட்டது என்பதற்கான அச்சு எழுத்து தெரிந்தது. கணக்குச் சரி. கறுப்புத் துணியில் சுற்றி, சம்படத்தில் போட்டு மூடினேன்.

விசாவுக்கு டெல்லி வரை போனேன். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சொல்கிறேன். திண்டுக்கல்லில் சாயங்காலம் ரயில் ஏறி, நானூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், விடியும்போது சென்னை. மாமா பிளாட்பாரத்தில் நின்று, "பத்திரம் தாயி. எடிட்டிங்ல போட்டாங்கன்னா அதையும் நல்லாக் கத்துட்டு வா, நமக்குத்தான் ஒதவும்" என்றார். ஆசீர்வாதமா சாபமா என்று புரியாமல் கையை ஆட்டினேன்.

சென்னை விமான நிலையத்தில் சாமான்களை எக்ஸ்ரே மெஷினுக்குள் விடும் இடம் வந்தது. கழுவாத ஃபிலிமில் கதிர் பட்டால் படம் கெட்டுப்போகலாம். சம்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா அதுல?" என்றார் காவலர்.

"ஃபிலிம் ரோல் சார். மெஷின்ல விட்டா படம் அழிஞ்சிரும். கையால பாத்துக் குடுங்க சார்."

"என்ன படம் அப்படி?"

"எங்கம்மா படம் சார்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். கறுப்புத் துணியைப் பிரிக்காமலே தடவிப் பார்த்து, குலுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா கொண்டு போ" என்றார். பிராங்பர்ட்டில் விமானம் மாறும்போதும் இதே கெஞ்சல், அங்கே இங்கிலீஷில்.

பிராக் நகரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் வெளிச்சம்! முதல் நாள் சூரியன் இறங்கட்டும், சாப்பிடலாம் என்று காத்திருந்து பட்டினி கிடந்தேன். டிராம் டிக்கெட் இருபது கொருனா, நம் காசுக்கு நாற்பது ரூபாய். அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒவ்வொரு கட்டடத்தின் நெற்றியிலும் ஒரு சிலை, கோபுரத்துக்குப் பின்னால் கோபுரம், நடுவில் ஆறு நிறையத் தண்ணீர். வைகையில் மணலை மட்டும் பார்த்த கண்ணுக்கு அந்தத் தண்ணீரே ஒரு அதிசயம். ரெண்டு நாள் வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஃபிலிம் கழுவினோம். பள்ளியின் நிலவறையில் ஒரு இருட்டு அறை. ஹானா என்று ஒரு ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும், சிரிப்பதற்கும் காசு கேட்பார் போல ஒரு முகம். இருட்டில் தடவித் தடவி டப்பாவை உடைத்து, ஃபிலிமை உருவி, மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டி, அலசி, துணி காயப் போடுகிற மாதிரி கொடியில் தொங்கவிட வேண்டும். பதினாறு பேரின் ஊரும் வரிசையாக ஈரம் சொட்டத் தொங்கியது.

என்னுடையதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அரிசி அளவு கட்டம் கட்டமாகப் படம். முதலில் மலை. சூரியன். நல்லது. அடுத்துக் கொஞ்சம் தரையும் கால்களும், பிறகு முகம். இது யார்? மாரியாயி! அப்புறமும் மாரியாயி. பாக்கியம். இன்னொரு முகம், இன்னொரு முகம். ஃபிலிமின் வால் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். சின்னப்பொண்ணோடு முடிந்துவிட்டது. வாய்க்கால் இல்லை. மொட்டு இல்லை.

அம்மா இல்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. வீடியோ கேமராவில் ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும், இன்னொரு அமுக்கு அமுக்கினால் நிற்கும். அந்தப் பழக்கத்தில் விசையை அமுக்கி, நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வளையம் சிவப்புப் புள்ளியிலேயே இருந்திருக்கிறது. மோட்டார் கத்தியதில் கேமரா ஓடும் சத்தம் கேட்கவில்லை. வெறும் லைட்டு என்று நான் போட்டதெல்லாம் நிஜமாக விழுந்துவிட்டது, நிஜமாக எடுத்ததெல்லாம் தீர்ந்துபோன ரோலில் எடுத்தது. கையில் நடுங்கியது பயமில்லை, மெஷின்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கேமராக் குழு போச்சு என்பது ஒரு பக்கம். எல்லாரையும் ஏமாற்றி யாருக்காக ஃபிலிமை மிச்சம் பிடித்தேனோ அவளே இல்லை என்பதுதான் தாங்கவில்லை. அந்த விமான நிலையக் காவலரிடம் வேறு அம்மா படம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை திரையில் போட்டார்கள். பதினாறு படமும் வரிசையாக. முந்தியவை எல்லாம் அழகழகான படங்கள்: பனி, கப்பல், ஜன்னலில் பூனை. என்னுடையது வந்தது.

மலை மறைந்து, மாரியாயியின் முகம் ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் முழுக்க எழுந்தது. நான் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தினமும் பார்த்த முகம்தான். அவள் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முந்தானைக்குள் அவள் குலுங்கியது சத்தமே இல்லாமல் அந்த அறை முழுக்கப் பரவி, முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாக்கியம் கல் மாதிரி நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள், பிறகு ஒரு நொடியில் அந்த முகம் திறந்தது. பதினைந்து நாட்டுக்காரர்களும் 'ஓ' என்றார்கள். மாமியாரைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது! சின்னப்பொண்ணு குனிந்திருந்தாள். மெதுவாக நிமிர்ந்து, யாரையோ பார்த்து, சிரிக்கலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அத்தோடு வெள்ளைத் திரை.

இவ்வளவு அழகானவர்களோடா நான் இத்தனை நாள் இருந்தேன் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைவிட வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லைட்டைப் போட்டதும் ஹானா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு இடப்பக்கம் யாரையோ பார்க்கிறார்கள். ஆறு பேரும். யார் அது?"

"என் அம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பெரிய கலைஞி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பொய்யைக் கட்டிக் காப்பாற்றுகிற அளவுக்கு என் இங்கிலீஷ் போதாது. வெறும் லைட்டு, சிவப்புப் புள்ளி, கிணற்று மோட்டார், கடைசியில் அம்மாவைக் கோட்டைவிட்டது, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். வகுப்பே சிரித்தது. ஹானாவும் சிரித்தார், அந்த ஐந்து வாரத்தில் ஒரே தடவை. சாயங்காலம் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். கேமராக் குழுவில் என் பேர் நாலாவது. வெளியே வரும்போது ஹானா என்னை நிறுத்திச் சொன்னார்: "இனிமேல் கேமரா ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே இப்படி எடு. அதுதான் கஷ்டம்."

அது எவ்வளவு கஷ்டம் என்று அடுத்த நாலு வாரமும் தெரிந்தது. பிராக்கில் ரொட்டிக் கடைக்காரர், டிராம் ஓட்டுகிற அம்மா, யாரிடம் கேமராவைக் கொண்டு போனாலும் பாக்கியம் மாதிரி விறைத்தார்கள், திறக்கவே இல்லை. கடைசியில் கூடப் படித்த கொலம்பியாக்காரி லூசியாவை என் இடது தோளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நீ பாட்டுக்கு வாயாடு" என்றேன். அம்மா வேலைக்கு ஆள் போட்ட மாதிரி. ஓரளவுக்குப் பலித்தது. அம்மா அளவுக்கு இல்லை.

இனி மெயில் போட்டவர்களுக்கு. விசாவுக்கு ரெண்டு மாதம் முன்னாலேயே ஓடுங்கள். 2006-ல் நான் போனபோது டெல்லிக்கு நேரில் போக வேண்டியிருந்தது, இப்போது எப்படி என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணத் தள்ளுபடியை வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டால்தான் கொடுக்கிறார்கள். எனக்கு டிக்கெட், தங்கல், விசா எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆனது. பருப்புப் பொடி ஒரு கிலோ கொண்டு போனேன், ரெண்டு கிலோ கொண்டு போயிருக்க வேண்டும். அங்கே ரொட்டிக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கிடையாது, வெண்ணெய்தான். கழுவாத ஃபிலிமைப் பெட்டியில் போடாதீர்கள், கையில் வைத்துக் கையால் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோவில் பழகிய கை பழைய கேமராவைத் தொடும்போது ஒரு நாள் முழுக்க வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் போங்கள். எனக்கும் சுமார்தான்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். மறுவாரம் சாமியாரிடமே பழைய புரொஜெக்டரையும் வாங்கி வந்து, இருட்டினதும் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் படத்தைப் போட்டேன். ஆறு பெண்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். மாமாவும் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். மாரியாயி தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள். பாக்கியத்தின் மாமியாரும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்தச் சிரிப்புக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் சுவருக்குக் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டாள். "ஏண்டி, நான் எங்க? கூடையத் தூக்கிக்கிட்டு கழுத்து ஒடிய நின்னேனே?"

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "அதனால என்ன, விடு" என்றாள். அந்த 'விடு'வை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இன்னொருவாட்டி போடுறேன். அவங்க கண்ண மட்டும் பாரு. யாரப் பாக்குறாங்கன்னு பாரு."

மறுபடி ஓட்டினேன். மலை போய் மாரியாயி வந்தாள். அம்மா உற்றுப் பார்த்தாள். இருட்டில் மாமா என் பக்கம் சாய்ந்து, "ஆவணியில கொடைரோட்டுல ஒரு கல்யாணம் வருது. நீயே எடு தாயி" என்றார். நாலு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. நான் அவர் பக்கம் திரும்புவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். பிள்ளைகளைத் தாண்டிப் போய், சுவருக்கு இடது ஓரத்தில், அவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டாள். பாதிச் சேலையில் படத்தின் வெளிச்சம் விழுந்தது. சுவரில் பாக்கியம் அவளைப் பார்த்து முகம் திறந்து சிரித்தாள், பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரித்தார்கள். என் வாயாடி அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல், ரோல் தீர்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.